நாலு ஃபேனும் உள்ளே இழுத்தால்

ஸ்ரீகாந்தின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. காரில் ஆம்ப்ளிஃபையர் மாட்டி வயரிங் முடித்தவர் யாரோ, அவர் தன் பெயரை வெள்ளை டேப்பில் மார்க்கரால் எழுதி பெட்டியின் மூடியில் ஒட்டிவிட வேண்டும். வண்டி கோளாறோடு திரும்பி வந்தால் அந்தப் பெயர்க்காரர்தான் திறந்து பார்க்க வேண்டும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு கார் நுழைந்தால் ஆள் ஒதுங்க இடமில்லாத அந்தக் கடையிலிருந்து இதுவரை போன வண்டிகளில் இரண்டே பெயர்கள்தான் இருந்தன. ஒன்று ஸ்ரீகாந்த். இன்னொன்று பெஞ்சமின்.

செவ்வந்தி அங்கே சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வயர் சீவுவாள், வயர் நுனியில் லக் அடிப்பாள், ஸீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு வயரை இழுத்துக் கொடுப்பாள். வேலை முடிந்ததும் பெஞ்சமின் தன் பெயரை எழுதி ஒட்டுவான். சாயங்காலம் காஞ்சிபுரத்தில் அவளுக்கு எலக்ட்ரிகல் வகுப்பு. போகிற பஸ்ஸில் அன்றைய வேலையை நோட்டில் எழுதுவாள். எந்த வயர் எங்கே போனது, எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ், எங்கே தப்பு நடந்தது. தப்பு ஒன்றும் நடக்காத நாளில், ‘தப்பு இல்லை, எனக்குத் தெரிந்தவரை’ என்று முடிப்பாள்.

தை மாதம் பெஞ்சமின் தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்காக நாலு நாள் ஊருக்குப் போனான். அந்த நேரம் பார்த்து பெருநகர் ஜெகனின் வண்டி வந்தது.

“இத நீயே முழுசா பண்ணும்மா,” என்றார் ஸ்ரீகாந்த். “டேப்புல உம் பேர ஒட்டு.”

கடையில் மார்க்கர் இருந்தது. ஆனாலும் அன்று மதியம் போய் அவள் புதிதாக ஒன்று வாங்கி வந்து பையில் வைத்துக்கொண்டாள்.

ஜெகன் வீராசாமியின் மகன். பெருநகரில் ஏரிக்குக் கீழே பாதி நிலம் அவர்களுடையது. பூசத்தன்று சாமிகள் ஆற்றில் இறங்கும்போது மணலில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்துவைத்து, பகல் முழுக்கப் பாட்டுப் போட வேண்டும் என்பது அவன் ஆசை. வண்டியின் பின்னால் இரண்டு ஆம்ப்ளிஃபையர் வைக்கிற அளவுக்கு ஒரு மரப்பெட்டி. சுற்றிலும் சிவப்பு ரெக்ஸின். மேலே கண்ணாடி மாதிரி அக்ரிலிக் மூடி, அதில் வட்டமாக நாலு ஓட்டை. ஓட்டைக்கு ஒன்றாக நாலு ஃபேன், சுற்றும்போது நீலமாக எரிகிறவை. எல்லாம் அவனே வாங்கி வந்தவை.

இரண்டு நாளில் செவ்வந்தி வயரிங்கை முடித்தாள். ஸ்டீரியோவிலிருந்து வரும் நீல வயர், ரிலே என்கிற சுவிட்சை எழுப்பிவிட மட்டும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் வேண்டிய கரண்ட் பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் போட்டு வந்தது. ஒவ்வொரு முடிச்சையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். பூசத்தன்று காலை எட்டு மணிக்கு ஃபேன்களைக் கையில் எடுத்தபோதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

ஃபேனின் அழகான முகம்தான் காற்றை இழுக்கிற முகம். முதுகுப் பக்கம் குறுக்குக் கம்பிகளும் லேபிளும் இருக்கும். காற்று முதுகு வழியாகத்தான் வெளியே போகும். நாலு முகமும் மேலே தெரிய மாட்டினால் நாலும் பெட்டிக்குள் இழுக்கும். உள்ளே போன காற்று வெளியே வர வேறு ஓட்டை கிடையாது.

தான் சரியாகத்தான் யோசிக்கிறோமா என்று ஒரு ஃபேனை ஓடவிட்டு, முன்னும் பின்னும் காகிதத் துண்டைக் காட்டிப் பார்த்தாள். சரிதான். ஜெகன் டீ கிளாஸோடு உள்ளே வந்தான்.

“அண்ணா, நாலையும் இப்படியே மாட்னா சூடு வெளிய போவாது. ரெண்ட திருப்பிப் போடணும்.”

“திருப்புனா?”

“ரெண்டு உள்ள இழுக்கும், ரெண்டு வெளிய தள்ளும். லைட்டு எரியும். ஆனா அந்த ரெண்டுல முதுகு தெரியும்.”

“மெட்ராஸ்ல ஒரு நாள் பூரா கடை கடையா அலஞ்சி பொறுக்கிக்கினு வந்தேன். முதுக பாக்கறதுக்கா?”

“அப்ப பெட்டி பக்கவாட்டுல ஓட்டை போட்டுக்கலாம்.”

“ரெக்ஸின்ல கை வெச்ச, தெரியும் சேதி.” அவன் அவளை உற்றுப் பார்த்தான். “நீ காலனி பெருமாள் பொண்ணு தான? உங்கப்பா எங்க கயனில தான வேல செய்றாரு?”

“ஆமா. அவருக்கு ஃபேன் மாட்டத் தெரியாது. அவர எதுக்கு இதுல இழுக்கறீங்க?”

ஜெகன் ஸ்ரீகாந்த் பக்கம் திரும்பினான். “இன்னாண்ணா, வேலைக்கி ஆளு வெச்சிக்கினு கீறியா, இல்ல வக்கீல் வெச்சிக்கினு கீறியா?”

ஸ்ரீகாந்துக்குத் தர்மசங்கடம். பல்லிடுக்கில் டெஸ்டரை வைத்துக்கொண்டு யோசித்தார். “செவ்வந்தி, கஸ்டமர் கேக்கறத செஞ்சி குடும்மா. அவுரு வண்டி, அவுரு ஃபேனு.”

“மாட்றேண்ணா. ஆனா எம் பேர ஒட்ட மாட்டேன்.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்தது. காது சூடாயிற்று. இரண்டு வருஷமாகக் காத்திருந்தது அந்த ஒரு துண்டு டேப்புக்குத்தான். இருந்தாலும் வாயை விட்டுப் போன சொல்லைத் திரும்பக் கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை.

“ஒட்டாத. யாரு அழுதா?” என்றான் ஜெகன்.

“பேர் இல்லாம வண்டி போவாதுப்பா,” என்றார் ஸ்ரீகாந்த். “பெஞ்சமின் பேர போட்டுக்கலாம் இரு.” போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார். பின்னால் பந்தல் போடுகிற சத்தத்தோடு பெஞ்சமின் பேசினான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நாலும் உள்ள இழுக்குதா?” என்றான்.

“ஆமாண்டா.”

“அண்ணா, நான் ஊர்லயே இல்ல. எம் பேர எதுக்குண்ணா இஸ்க்கிற? நீயே உம் பேர போட்டுக்க.” வைத்துவிட்டான்.

ஸ்ரீகாந்த் டேப்பைக் கிழித்து எடுத்தார். மார்க்கரைத் திறந்தார். அக்ரிலிக்கையும் ஃபேன்களையும் ஒரு தடவை பார்த்தார். மார்க்கரை மூடி வைத்துவிட்டார்.

“சரி, ஓட்டிப் பாத்துடலாம்,” என்றார்.

செவ்வந்தி ஜெகன் கேட்டபடியே நாலையும் முகம் மேலே தெரிய மாட்டினாள். சாமி படத்தின் முன்னால் புகைந்துகொண்டிருந்த ஊதுவத்தியை எடுத்து வந்து ஒரு ஓட்டைக்கு மேலே பிடித்தாள். புகை உள்ளே போனது. அடுத்த ஓட்டையிலும் உள்ளே. நாலிலும் உள்ளே. எதிலிருந்தும் வெளியே வரவில்லை. பெட்டிக்குள் புகை சேர்ந்து, நீல வெளிச்சத்தில் மேகம் மாதிரி சுழன்றது.

“பாத்தீங்களா?” என்றாள்.

ஜெகன் குனிந்து பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. “சூப்பரா கீதே. இந்தப் பொகைய இப்படியே நிக்க வெக்க முடியுமா?” போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான்.

ஸ்ரீகாந்த் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. செவ்வந்திக்குச் சிரிப்பு வரவில்லை.

“அரை மணி நேரம் பாட்டு போடுங்க,” என்றாள். “ஆத்துல எப்படிப் போடுவீங்களோ அந்தச் சத்தத்துல. வண்டிய வெயில்ல விடுங்க. பாட்டு நிக்கலன்னா உங்க இஷ்டம்.”

“நிக்கலன்னா நீ பேரு ஒட்டுவியா?”

“அப்பவும் ஒட்ட மாட்டேன்.”

“திமிரு பாத்தியாண்ணா,” என்றான் ஜெகன். ஆனாலும் வண்டியை வெளியே எடுத்தான்.

இன்ஜினை ஓடவிட்டுப் பாட்டைப் போட்டார்கள். கடைவீதியே அதிர்ந்தது. எதிர்ப்பக்கம் பூக்காரம்மா காதைப் பொத்திக்கொண்டாள். செவ்வந்தி நோட்டைத் திறந்து நேரத்தை எழுதினாள். ஒன்பது இருபது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியின் ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பத்தாவது நிமிஷம் சூடு. பதினைந்தாவது நிமிஷம் விரலை எடுக்க வேண்டியிருந்தது. இருபதாவது நிமிஷமும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜெகன் பானெட்டில் சாய்ந்துகொண்டு தாளம் போட்டான்.

ஒருவேளை இந்த ஆம்ப்ளிஃபையர் தாங்குமோ. தை மாத வெயில்தானே. வகுப்பில் படித்ததை வைத்து அளவுக்கு மீறிப் பேசிவிட்டோமோ. அப்பா நாளைக்கும் அவர்கள் கழனிக்குப் போகவேண்டும். அவள் நோட்டில் ‘இருபது, நிற்கவில்லை’ என்று எழுதினாள். பொய் எழுத அவளுக்குப் பழக்கமில்லை.

இருபத்து மூன்றாவது நிமிஷம் பாட்டு பாதி வரியில் நின்றது. ஃபேன்கள் மட்டும் நீலமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பெட்டிக்குள் இரண்டு ஆம்ப்ளிஃபையரிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

“வயர் வுட்டுப் போச்சி,” என்றான் ஜெகன் உடனே. “ஒயுங்கா முறுக்கல நீ.”

“சூடு ஏறி தானா ஆஃப் ஆயிடுச்சி. ஆறட்டும், தானே வரும். வரலன்னா எந்த வயருன்னு நீங்களே காட்டுங்க.”

மூடியைக் கழற்றி வைத்தாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். பத்து நிமிஷத்தில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. வேறு ஏதோ பாட்டின் நடுவிலிருந்து சத்தம் மறுபடி கிளம்பியது.

யாரையும் கேட்காமல் அவள் வலதுபக்கம் இருந்த இரண்டு ஃபேன்களையும் கழற்றித் திருப்பி மாட்டினாள். கம்பியும் லேபிளும் தெரிந்தன. மூடியைப் போட்டு முடுக்கி, மறுபடி நேரத்தை எழுதினாள். இருபத்து மூன்று தாண்டியது. முப்பது தாண்டியது. நாற்பதில் ஸ்ரீகாந்தே, “போதும்மா, பூக்காரம்மா அடிக்க வந்துடும்,” என்றார்.

“இங்க கை வைங்கண்ணா,” என்றாள் செவ்வந்தி.

ஜெகன் வலதுபக்க ஃபேனுக்கு மேலே கையை வைத்தான். சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி அனல் வந்தது. கையை எடுத்துப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். “சரி, வுடு. ஆத்துல எவன் குனிஞ்சி முதுக பாக்கப் போறான்.”

செவ்வந்தி பையிலிருந்து தன் மார்க்கரை எடுத்தாள். டேப்பைக் கிழித்து, மூடியின் மேல் விரித்தாள்.

“ஏய், இரு இரு,” என்றான் ஜெகன். “பேருல்லாம் வேணாம். கண்ணாடி மூடி, எல்லாருக்கும் தெரியும். ஊர்க்காரங்க வந்து பாப்பாங்க. காலனிப் பொண்ணு பேர மாட்டிக்கினு கீறான்னு கிண்டல் பண்ணுவானுங்க. கடை பேர போடு, போதும்.”

ஸ்ரீகாந்த் தரையில் கிடந்த வயர்த் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். செவ்வந்தி மார்க்கரை மூடினாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். திருப்பி மாட்டிய ஃபேனின் முதல் ஸ்க்ரூவில் அதை வைத்தாள்.

“இன்னா பண்ற?”

“நாலையும் பழையபடி மாட்டிடறேன். அப்படி போனா எம் பேரு வேணாம். இப்படி போனா எம் பேரு வேணும்.”

“மணி பதினொன்னு ஆவப்போவுது. பன்னெண்டுக்கு நான் ஆத்துல இருக்கணும்.”

“மாட்டி முடிக்க அஞ்சி நிமிஷம்தாண்ணா. ஆத்துல இருபத்து மூணு நிமிஷம் பாட்டு ஓடும். அப்பறம் மூடியத் தெறந்து விசிறிக்கினு நில்லுங்க.” அவள் ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்தினாள்.

“அண்ணா, நீ சொல்லுண்ணா,” என்றான் ஜெகன்.

ஸ்ரீகாந்த் நிமிரவில்லை. “வயரிங் பண்ணவங்க பேரு. இங்க அதான் வயக்கம்பா. உனக்காக மாத்த முடியாது.”

ஜெகன் மணியைப் பார்த்தான். ஃபேனைப் பார்த்தான். “ஒட்டித் தொல. சின்னதா எய்து.”

அவள் தளர்த்திய ஸ்க்ரூவை முடுக்கினாள். பிறகு எப்போதும் எழுதுகிற அளவில் எழுதினாள், பெரிசாகவும் இல்லை, சின்னதாகவும் இல்லை. ‘பெ. செவ்வந்தி, பெருநகர்.’ இரண்டு முதுகுகளுக்கும் நடுவில், நீல வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒட்டி, கட்டை விரலால் நீவிவிட்டாள்.

வண்டி கிளம்பியது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, பெருநகர் ரோட்டில் திரும்பி மறைந்த பிறகும் பாட்டு கேட்டது. செவ்வந்தி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காதுக்கு எட்டியவரை அது நிற்கவில்லை.

உள்ளே வந்து நோட்டை எடுத்தாள். ‘தப்பு இல்லை’ என்று எழுதி, கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேட்டரிப் பக்கத்து லக்கை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. கோளாறு என்றால் வண்டி அவளிடம்தான் வரும். வரட்டும் என்று நோட்டை மூடினாள்.