அரை வேகத்தில் ஒரு கணவர்

கண்ணாடிக்காரி தன் புருஷனை வயதில் முந்திய வருஷம்தான் நகராட்சி அந்தத் தெருச் சாக்கடைக்கு இரும்பு மூடி போட்டது. இரண்டில் தெருக்காரர்கள் அதிகம் பேசியது மூடியைப் பற்றித்தான். கல்யாணத்தின்போது அவர் அவளைவிட எட்டு வயது மூத்தவர், முன்வழுக்கை விழுந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தவர். பதினாறு பதினேழு வருஷம் கழித்து அவளுக்குக் காதோரம் நரைத்தபோது அவருக்கு வழுக்கையும் விழவில்லை, பயமும் போகவில்லை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் இந்த விஷயத்தில் அவளை ஏமாற்ற வழியில்லை. முடிக்குச் சாயம் அடிக்கலாம், பல்லை மாற்றிக் கட்டலாம். படிக்கிற கண்ணாடியின் பவர் மட்டும் வயதை உள்ளபடி சொல்லிவிடும். நாற்பதைத் தாண்டினால் ஒன்று, ஐம்பதை நெருங்கினால் ஒன்றரை, அதற்கு மேல் இரண்டு என்று அது பாட்டுக்கு ஏறும். அந்த வருஷம் அவளுக்கு ஒன்று வந்தது. அதே நாற்காலியில் அவரையும் உட்காரவைத்துப் பார்த்தாள். அவர் அட்டையின் கடைசி வரிவரை வெறுங்கண்ணால் படித்துவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தார்.

எல்லாம் அவர் பார்த்த வேலையால் வந்தது. இசைத்தட்டுக் கம்பெனியில் அவர் தட்டு வெட்டுகிறவர். ஒலிநாடாவில் இருக்கும் பாட்டை அரக்குப் பூசிய ஒரு தட்டில் ஊசியால் சுழித்துச் சுழித்துக் கீற வேண்டும். அந்த ஒரு தட்டிலிருந்து அச்சு எடுத்துத்தான் கடைக்குப் போகும் தட்டுகளை அழுத்துவார்கள். மற்ற கம்பெனிகள் பாட்டு ஓடுகிற வேகத்திலேயே வெட்டின. இவருடைய கம்பெனி அரை வேகம். நாடாவும் பாதி வேகத்தில் ஓடும், தட்டும் பாதி வேகத்தில் சுற்றும், ஒவ்வொரு நெளிவையும் கீற ஊசிக்கு இரண்டு மடங்கு அவகாசம் கிடைக்கும். வீட்டில் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு சரியாக வரும், அதுவும் முன்பைவிடத் துல்லியமாக வரும் என்பது முதலாளியின் கட்சி. உறையின் மூலையில் 'அரை வேகம்' என்று தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இயந்திரம் பாதி வேகத்தில் ஓடும்போது அறையும் சேர்ந்து பாதி வேகத்தில் ஓடியதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. காலையில் உள்ளே வைத்த டீ மத்தியானம் வரை ஆறாது. சுவர்க் கடிகாரம் தினமும் பின்தங்கும், அவர் தினமும் திருத்துவார். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், அவர் மூக்கைச் சொறியக் கை தூக்குவதற்குள் பார்க்கிறவருக்குக் கொட்டாவி வந்துவிடும். வெளியே நின்று கேட்பவர்களுக்குப் பாடகி ஜலதோஷம் பிடித்த எருமை மாதிரி முனகுவாள். உள்ளே அவருக்கோ பாட்டு இயல்பாகவே கேட்டது. அவருக்கும் பாதி வேகம்தானே, கேட்காமல் என்ன செய்யும்? சம்பளத்தை உள்ளே இருக்கும் கடிகாரப்படி போடலாமா என்று முதலாளி ஒரு வக்கீலிடம் விசாரித்துப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

வேலை மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்ததால், தட்டுக்காரர் பெரும்பாலும் அங்கேயே ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வார். அவளும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அது நடக்காது. வெட்டும் அறையில் இரண்டாவது ஆள் மூச்சு விட்டால் அதுவும் தட்டில் ஏறிவிடும். போதாக்குறைக்கு அவளுக்குக் கடை இருந்தது, பெண் இருந்தாள், ஊரில் பாதிப் பேருக்குக் கண் சரியில்லை. ஆகவே அவள் முழு வேகத்தில் வாழ்ந்தாள். பெண்ணை வளர்த்தாள், படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெண்ணின் அண்ணன் நன்றாக ஓடியாடி வேலை செய்கிறான் என்று அப்பாவைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். பெண்ணுக்கு அது சிரிப்பாக இருந்தது. "அம்மா, இப்படியே போனா ஒரு நாள் அப்பாவை நான் வாடா போடான்னு கூப்பிடப் போறேன் பாரு" என்றாள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, பெண் ஊருக்குக் கிளம்பிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கேஸ் சிலிண்டர் போட வந்த புது ஆள் "அக்கா, உங்க தம்பியை ஒரு கை பிடிக்கச் சொல்லுங்க" என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குப் பொறுமை போய்விட்டது. தம்பி சிலிண்டரை ஒரே கையில் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தார். அவளுக்கு அப்போது முழங்கால் வலிக்க ஆரம்பித்திருந்தது.

"உங்களுக்கு என்ன, நல்லா இருக்கீங்க. நாளைக்கு நான் கிழவியாகி மூலையில படுத்தா, நீங்க ஜம்முனு வந்து கஞ்சி ஊத்துவீங்களா? எனக்குக் கஞ்சி ஊத்த ஆளு வேணாம். என் கூட உக்காந்து கிழவனாக ஒரு ஆளு வேணும்."

"நான் என்னம்மா பண்றது? வேகமா வெட்டினா 'ஸ்', 'ஷ்' வர்ற இடமெல்லாம் கரகரன்னு கிழியுது. மெதுவா வெட்டினாத்தான் பட்டு மாதிரி வரும்."

"நிஜமாவே வருதா?"

இந்தக் கேள்வியை அத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை. வருகிறது என்றுதான் ஊரே சொன்னது. ஊர் என்றால் பல் டாக்டர். அவர் பகலெல்லாம் மற்றவர்களின் கடைவாய்ப் பல்லில் துளைபோட்டுக்கொண்டிருப்பார், அந்தக் கீச்சுச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது; மீதிக் காதை வைத்துக்கொண்டு இசைத்தட்டு ரசிகர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். தன் வீட்டு ஸ்பீக்கர் ஒயர்கள் தரையைத் தொட்டால் சத்தம் களைத்துப்போகும் என்று அவற்றைக் குட்டிக் குட்டிப் பீங்கான் தாங்கிகள்மேல் ஏற்றிவைத்திருந்தார். அரை வேகத் தட்டில், பாடகி மூச்சை இழுப்பதற்கு முன்னால் இழுக்கலாமா என்று யோசிப்பதுகூடக் கேட்கிறது என்று அவர் பத்திரிகையில் எழுதியிருந்தார். அந்தப் பாடகியே அதைப் படித்துவிட்டு, தான் அப்படி எதையும் யோசிப்பதில்லை என்று பதில் எழுதினாள். பாடகிகளுக்குக் காது போதாது என்று சங்கம் கூடித் தீர்மானம் போட்டது.

கண்ணாடிக்காரிக்குத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கண் சோதனைக்கு வருகிறவர் எதைக் காட்டினாலும் தலையாட்டினால், அவள் லென்ஸைக் கழற்றுவாள், துணியால் துடைப்பாள், அதையே திரும்பப் பொருத்தி "இப்ப?" என்பாள். பத்துக்கு ஏழு பேர் "ஆஹா, இப்பத்தான் பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள். அவர்கள் பொய்யர்கள் இல்லை. எதிரில் ஒருத்தி இவ்வளவு மெனக்கெடுகிறாளே என்று கண் தானாகவே கொஞ்சம் மரியாதை காட்டிவிடுகிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களுக்கு அவள் மறுநாள் காலையில் வரச்சொல்லி முதலிலிருந்து பார்ப்பாள். இப்போது புருஷனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டாள். அரை வேகம் நிஜமாகவே காதுக்கு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் இனி வாயைத் திறக்க மாட்டாள், அக்கா என்றாலும் சரி, ஆத்தா என்றாலும் சரி. இல்லையென்றால் அவர் அந்த அறையை விட்டு வந்துவிட வேண்டும். அவர் சம்மதித்தார். முதலாளியும் விளம்பரம் ஆகுமே என்று சம்மதித்தார்.

ஒரே பாட்டை முழு வேகத்தில் ஒரு தட்டு, அரை வேகத்தில் ஒரு தட்டு என்று தட்டுக்காரர் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்தார். பல் டாக்டர் வீட்டுக் கூடத்தில் திரை கட்டி, திரைக்குப் பின்னால் அவள் நின்றாள். சங்கத்தார் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்தார்கள். அவள் ஒரு தட்டைப் போட்டாள். முடிந்ததும் எடுத்து, துடைத்து, திரும்ப வைத்து, "இப்ப?" என்றாள். கூடமே உருகிவிட்டது. முதல் தட்டில் தகரம் தட்டிய சத்தம், இரண்டாவதில் வெல்வெட் என்றார் ஒருவர். முதலாவது பாட்டு, இரண்டாவது அனுபவம் என்றார் இன்னொருவர். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவதில் பாடகியின் யோசனை கேட்டது என்றார். அவள் திரையை விலக்கிக் காட்டினாள். இரண்டு தடவையும் ஓடியது முழு வேகத் தட்டுதான். அரை வேகத் தட்டு இன்னும் உறையைவிட்டே வெளியே வரவில்லை. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. பல் டாக்டர் மட்டும் அசரவே இல்லை. முதல் தடவை ஊசி குளிர்ந்திருந்தது, இரண்டாம் தடவை சூடேறிவிட்டது, அதைத்தான் தன் காது பிடித்திருக்கிறது என்றார். அன்றைக்கே சங்கம் சூடு ஊசிக் கட்சி, குளிர் ஊசிக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது, இன்றுவரை சேரவில்லை.

அதெல்லாம் அவளுக்குப் பொருட்டாக இல்லை. அவள் ஜெயிக்க வேண்டியது ஒரே ஓர் ஆளின் காதை. கூட்டம் கலைந்த பிறகு புருஷனை உட்காரவைத்து, திரையை மறுபடி இழுத்துவிட்டு, இந்தத் தடவை தந்திரம் எதுவும் செய்யாமல், இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் போட்டாள். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். திரும்பப் போடச் சொன்னார். 'ஸ்' வரும் இடங்களை மட்டும் போடச் சொன்னார். ஊசி முனை படபடப்பதும், அது இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவதும் வெட்டும்போது அவர் கையால் தொட்டு உணர்ந்தவை. அதில் பொய்யே கிடையாது. திரைக்குப் பின்னால் நின்ற அவளுக்கு ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் நேரம் போகப் போக, பாவி மனுஷன் கண்டுபிடித்துவிடக் கூடாதா என்றும் இருந்தது. இத்தனை வருஷம் சும்மா போகவில்லை என்றாவது ஆகுமே.

"தெரியல" என்றார் அவர். "ஊசிக்கு வித்தியாசம் தெரியுது. எனக்குத் தெரியல."

அன்று அந்தக் கூடத்தில் தெரியவில்லை என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர்மேல் அவளுக்கு அந்த நிமிஷம் வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. "எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

வேலையை விட்டுவிட்டால் இனிமேல் வயது சேர்ந்து ஏறும், ஆனால் விட்டுப்போன வருஷங்கள் விட்டுப்போனதுதான். இரண்டு நாள் அவர் சாப்பிடாமல் யோசித்தார். பிறகு முதலாளியிடம் போய், இரட்டை வேகத்தில் வெட்டுகிறேன் என்றார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற கம்பெனிகள் ஒரு தட்டு வெட்டுகிற நேரத்தில் இரண்டு தட்டு! இயந்திரத்தின் கப்பியை மாற்றினார்கள், அறையும் அதன்படியே மாறிக்கொண்டது. இப்போது வெளியே நின்று கேட்டால் பாடகி எலி மாதிரி கீச்சிட்டாள். டீயை உள்ளே வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் ஆறிவிட்டது. தட்டுக்காரர் நாளுக்கு இரண்டு தடவை சவரம் செய்தார், ஆறு வேளை சாப்பிட்டார், அவருக்கு வாங்கிய செருப்பு பாதி நாளிலேயே தேய்ந்தது. முதலாளி தங்க ஸ்டிக்கருக்குப் பதில் வெள்ளி ஸ்டிக்கர் அடித்து விலையை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். இரட்டை வேகத் தட்டில் ஒரு இளமைத் துள்ளல் இருக்கிறது, அரை வேகத் தட்டுகள் யோசித்து யோசித்தே கிழடு தட்டிப்போனவை என்று பல் டாக்டர் எழுதினார்.

வாரத்துக்கு ஒரு முறை அவள் வெட்டும் அறைக்குப் போய், சாப்பாடு கொடுக்கிற சின்ன ஜன்னல் வழியாகத் தன் படிக்கிற கண்ணாடியை நீட்டுவாள். அவர் அதை மாட்டிக்கொண்டு ஒரு தட்டின் நடுவில் ஒட்டும் காகிதத்தைப் படித்துப் பார்ப்பார். முதலில் எழுத்தெல்லாம் மங்கித் தலை சுற்றியது. கண்ணாடியில்லாமலே நன்றாகத் தெரிகிறது என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். சில வருஷங்கள் போயின. முன்வழுக்கை விழுந்தது, அதோடு அந்தப் பயமும் விட்டது. ஒரு பக்கக் காதோரம் நரைத்தது, அப்புறம் மறுபக்கம். மாடி ஏறும்போது அவரும் முழங்காலைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்து அவள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள், வெளியே தைலம் வாங்கிக் கொடுத்தாள். பெண் ஊரிலிருந்து வந்தபோது அப்பாவைப் பார்த்து "ஐயோ, என்னப்பா இப்படி ஆயிட்டீங்க?" என்று பதறினாள். "அப்பா மாதிரி ஆயிட்டாரு, வேற என்ன?" என்றாள் அம்மா.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் கண்ணாடியை மாட்டியதும் நிறுத்தாமல் மேலிருந்து கீழே வரை படித்தார். பாட்டின் பெயர், பாடியவள் பெயர், கம்பெனி முகவரி, கடைசியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர்.  இருந்தாலும் தொழில் தொழில்தான். கண்ணாடியைத் திரும்ப வாங்கினாள். முந்தானையால் துடைத்தாள். அதையே நீட்டினாள்.

"இப்ப?"

அவர் மாட்டிப் பார்த்தார், கழற்றினார், திரும்ப மாட்டினார். "ரெண்டும் ஒண்ணுதான், போடி" என்றார்.

அவள் நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். பாட்டு சரணத்தின் நடுவில் நின்றது. முதலாளி அந்தத் தட்டை அப்படியே வெளியிட்டார். பாட்டு நின்ற இடத்துக்குப் பிறகு வரும் அமைதியில்தான் பாடகி உண்மையாக யோசிக்கிறாள் என்று பல் டாக்டர் எழுதியதால் அதுவும் விற்றுத் தீர்ந்தது. அந்த வருஷம் நகராட்சி சாக்கடை மூடிகளை எடுத்துவிட்டுப் புதிது போட்டது. தட்டுக்காரருக்குத் தனிக் கண்ணாடி வேண்டும் என்று அவள் கடையில் யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் ஒரே ஒரு கண்ணாடிதான். காலையில் பேப்பர் வந்ததும் அதை யார் முதலில் மாட்டுவது என்று இருவரும் சண்டை போடுவது தெருமுனை வரை கேட்கும். "நான் பெரியவன்" என்பார் அவர். "யாரு சொன்னது?" என்பாள் அவள்.