ஏரிக்குள் வரைந்த வீடு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வங்கியின் கிழக்குச் சுவருக்குள் நுழைந்து, காசாளரின் மேஜையைக் கடந்து, மேற்குச் சுவர் வழியாக வெளியேறினாள். கையில் பையும் மருந்துச் சீட்டும் இருந்தன. வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். காசாளர் மட்டும், வாசல் வழியாகவே வந்திருக்கலாம் என்று பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார்.

அவள் மேல் தப்பில்லை. கடைக்காரர் முப்பத்திரண்டு வருஷமாகப் பழைய நகரப்படங்கள் சேர்ப்பவர். தெருத்தெருவாக, வீடுவீடாக, மாடியில் காயும் துணி வரைக்கும் சித்திரமாகவே தீட்டிய வகை. ஏலம், பழைய புத்தகக் கடை என்று ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அவற்றுக்கே போயின. அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே மனைவிக்கு ஊரைக் காட்டாமல் விட்டுவிட்டார். அவள் அறிந்த ஊர், கூடத்தில் மாட்டியிருந்த இருநூறு வருஷத்துப் படத்தில், தினமும் கண்ணாடியைத் துடைக்கும்போது பார்த்த ஊர்தான். அவர் ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்ட வாரம், மருந்து வாங்க அந்த ஊர் வழியாகவே புறப்பட்டாள். அதில் வங்கி கிடையாது, தெருதான்.

போனது சரி, திரும்புவதில்தான் சிக்கல். அவர்கள் வீடு இருக்கும் இடம் படத்தில் ஏரி. போகிற அவசரத்தில் கவனிக்காமல் போய்விட்டாள். மத்தியானம், வாசலுக்கு இருபதடி தள்ளி, நடுரோட்டில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓரமெல்லாம் சொட்டியது. அவர் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்.

"வாம்மா, வெறும் தார் ரோடுதான்."

"உங்க குரல் கேக்குது, வீட்டைத்தான் காணோம். ஒரே தண்ணியா இருக்குங்க."

"கண்ணை மூடிக்கிட்டு நடந்து வா."

"எனக்கு நீச்சல் தெரியாதுன்னு கூடவா உங்களுக்குத் தெரியாது?"

தெரியாது. அந்த ஏரியில் எத்தனை படகு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார், இது தெரியாது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இரண்டடி வைத்ததும் அவளுக்குக் கழுத்தளவாயிற்று. அவருக்குச் செருப்புகூட நனையவில்லை. பயந்துபோய்க் கரையிலேயே விட்டுவிட்டார். பொழுது சாயச் சாய அவள் நடுங்க ஆரம்பித்தாள்.

படம் சேர்ப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: படத்தின் மேல் பேனா படக்கூடாது. ஒரு புள்ளி விழுந்தாலும் படம் செத்த மாதிரி. தும்மல் வந்தால்கூட வேறு அறைக்கு ஓடுகிற மனிதர், நொண்டிக்கொண்டே போய்ச் சட்டத்தைக் கழற்றி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஏரிக்கு நடுவே ஒரு வீடு வரைந்தார். அவசரத்தில் மாடி கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

"இப்பத் தெரியுதா?"

"தெரியுது. எப்படி வர்றது, பறந்தா?"

பாலம் வரைந்தார். கைப்பிடி வேண்டுமென்றாள், அதையும் போட்டார். ரோட்டுக்கு ஒரு முழம் மேலே, காற்றைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக நடந்து வீடு வந்து சேர்ந்தாள். மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி உட்கார்ந்து, அவர்தான் அவளுக்குத் தலை துவட்டிவிட்டார்.

பின்னொரு நாள் வெளியூரிலிருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர் அந்த மைக்கோடுகளைக் கண்டு உச்சுக்கொட்டினார். இவ்வளவு அருமையான படத்தை இப்படிப் பாழாக்கிவிட்டீர்களே என்றார்.

"ஆள் குடியிருந்தா கொஞ்சம் பாழாகத்தான் செய்யும்" என்றார் கடைக்காரர்.

கால் சரியானபின் ஞாயிறுதோறும் இருவரும் வெளியே போகிறார்கள். அவர் தார் ரோட்டில், அவள் பாலத்தின் மேல். அந்த இருபதடிக்கும் அவரைவிட அவள்தான் உயரம். தோளில் கைபோட்டுக்கொள்ள வசதியாகத்தான் இருக்கிறது.