தரையைத் தொடாத பள்ளிக்கூடம்

வில்லோ பெண்ட் தொடக்கப்பள்ளி ஒரு செவ்வாய்க்கிழமை காலை தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பியது. "நாம் நிற்கும் இந்த நிலம் க்ரீ மக்களுடையது" என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு மரியாதையாக ஒலிபெருக்கியில் தினமும் வாசிக்கும் வரியை நான்காம் வகுப்பு ஆசிரியை மார்லிஸ் ஃப்ரீசன் அப்போதுதான் முடித்திருந்தாள். அதை எழுதியதும் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நிர்வாகம் இரண்டு மரப்படிகள் அடித்துக் கொடுத்தது. பனி விழுந்ததும் எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

பூர்வகுடிகளோடு உறவைச் சீர்செய்யவென்று பள்ளி அமைத்த நல்லிணக்கக் குழு ஆண்டுதோறும் கூடி அந்த வாசகத்தில் ஒரு வரி சேர்த்தது. நன்றி சேர்ந்தது, வருத்தம் சேர்ந்தது, பிறகு ஆழ்ந்த வருத்தமும் சேர்ந்தது. வரிக்கு வரி கட்டடம் உயர்ந்தது. பள்ளிக்குப் பின்னால் க்ரீ குடும்பங்கள் காலங்காலமாகப் பறித்துவந்த காட்டுச் செர்ரிப் புதர்களைப் பாதுகாப்புக்காக வேலி போட்டுப் பூட்டியதும் அதே குழுதான். சாவி மார்லிஸின் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஒரு காலத்தில் விடுதிப் பள்ளிகளுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளின் நினைவாக, செப்டம்பர் முடிவில் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச் சட்டை போட்டுவிட்டு அங்கே நிறுத்திப் படமெடுப்பாள், வேலி மட்டும் படத்தில் விழாதபடி.

ஏணி இல்லாமல் வகுப்புக்குப் போக முடியாது என்றான பிறகு, ஒருநாள் க்ரீ பெண்ணான வெர்னா மஸ்குவா மூச்சிரைக்க ஏறி வந்தாள். அவள் மகள் ஷெய்லா மார்லிஸின் வகுப்பில் படித்தாள். வெர்னாவும் மார்லிஸும் ஒரு காலத்தில் ஒரே ஹாக்கி அணியில் ஆடியவர்கள்.

"தெனமும் எங்க நெலத்துல நிக்கிறேன்னு சொல்றியாமே. எங்கடி நிக்கிற? கீழ பாரு, முயல் ஓடுது."

"இந்த வருஷம் இன்னொரு வரி சேக்கலாம்னு இருக்கோம், வெர்னா."

"சேத்துக்க, சேத்துக்க. நாளைக்கு ஹெலிகாப்டர்ல வந்து எம்பொண்ணக் கூட்டிட்டுப் போறேன்." வெர்னாவின் குரல் இறங்கியது. "எங்கம்மா சாகறப்ப அந்தச் செர்ரியத்தான் கேட்டா. கடையில வேற பழம் வாங்கிக் குடுத்தேன்."

ஷெய்லா எழுந்து, "மிஸ், சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்றாள்.

நல்லிணக்கப் பாடத்துக்கென்று வண்ணம் தீட்டும் தாள்கள் எத்தனையோ கொடுத்த மார்லிஸ் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. குழு என்ன சொல்லுமோ என்ற பயத்தோடு ஏணியில் இறங்கிப் போய் வேலியைத் திறந்தாள்.

"பூட்டையும் தூக்கிப் போடு," என்றாள் பின்னாலேயே இறங்கி வந்த வெர்னா. மார்லிஸ் போட்டாள்.

பள்ளிக்கூடம் மெல்ல இறங்கி, ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. மார்லிஸ் குனிந்து பார்த்தாள்.

"மிச்சமிருக்கிற ஒரு சாண் எதுக்குன்னு உனக்கே தெரியும். கட்டடம் யாரு நெலத்துல இருக்கு?" என்றாள் வெர்னா.

குழு அந்த ஒரு சாணைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. செப்டம்பரில் பிள்ளைகள் வாயெல்லாம் கருஞ்சிவப்பாக வாசலில் இருந்து குதித்து இறங்குகிறார்கள். மார்லிஸும் குதிக்கிறாள், கொஞ்சம் தடுமாறி.