தொட்டால்தான் கணக்கு

புயல் தீவின் தென்கரையைக் கடித்துத் துப்பிவிட்டுப் போனது. குன்றோரமாக ஓடிய நடைபாதை கடலுக்குள் இறங்கிவிட்டது. படகுத்துறைச் சரிவில் இருந்த வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை. தீவைச் சுற்றும் நெடுநடைக் கழகம் அவசரக் கூட்டம் போட்டது. செத்தவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு உட்கார்ந்து, பொழுது சாயும்வரை பாதைக்காக அழுதார்கள்.

தலைவருக்கு ஒரே கவலை: கரை போனதில் தூரம் குறைந்துவிட்டது. தூரம் குறைந்தால் அது நெடுநடை அல்ல, சாப்பாடு செரிக்க உலாத்துவது என்றார். அவர் ஓய்வு பெற்ற துறைமுக அதிகாரி. பணியில் இருந்தவரை நாற்காலியை விட்டு எழுந்ததை யாரும் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் தனக்குக் கால் இருப்பதே அவருக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து எந்த வருடமும் ஒரு கம்பத்தைக்கூட விடாதவர் என்ற பெயர் அவர் ஒருவருக்குத்தான்.

கம்பம் என்றால் வழிநெடுக நட்டிருக்கும் மஞ்சள் அம்புக் கம்பம். அம்பு காட்டும் பக்கம் போக வேண்டும்; போகிற போக்கில் கம்பத்தைக் கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டாமல் கடந்தால் நடந்ததாகக் கணக்கில்லை. ஆள் நடமாட்டமில்லாத காட்டிலும் தட்டுவார்கள். கட்டிய மனைவியை ஏமாற்றியவர்கள் அந்த நடையில் உண்டு. கம்பத்தை ஏமாற்றியவர் கிடையாது.

புதுப்பாதை தேடிக் கிளம்பிய தலைவரும் பொருளாளரும் சரிவுத் தெருவில், ஓர் இடிந்த சுவருக்கு உள்ளே மஞ்சள் அம்பைக் கண்டார்கள். பழக்க தோஷம். அம்பு காட்டிய பக்கமே நடந்து ஒரு கட்டிலில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

கட்டிலில் கிடந்தவன் அந்த வீட்டுத் தையல்காரியின் அண்ணன், படகுத்துறையில் கயிறு கட்டுபவன். புயலன்று சுவர் சரிந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தரையில்கூட இடமில்லை. வீட்டுக்கே வந்து மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், ஒரு மாதம் ஆளை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அசைத்தாலும் எங்கே கொண்டுபோவது? பக்கத்து அறைக்கு வானம்தான் கூரை. இந்த அறையின் உத்தரம் விரிசல் விட்டிருந்தது. அதைத் தாங்கி அவன் தலைமாட்டில் நின்றது, கடல் ஒதுக்கிய கழகக் கம்பம். தையல்காரி இழுத்துவந்து முட்டுக் கொடுத்தது.

“இது கழகச் சொத்தும்மா” என்றார் தலைவர்.

“எடுத்துக்கங்க ஐயா. கூரையும் கூடவே வரும்.”

தலைவர் உத்தரத்தைப் பார்த்தார், அம்பைப் பார்த்தார். தூரக் கணக்கைப் பொருளாளரிடம் கேட்டுக்கொண்டார். சரிவுத் தெரு வழியாகச் சுற்றினால் குறைந்த தூரம் சரியாகிவிடும். கம்பம் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். நடப்பவர்கள் இந்த வீட்டுக்குள் புகுந்து போகலாம். இதற்குப் ‘புயல் நினைவுப் பகுதி’ என்று அங்கேயே பெயரும் வைத்தார். சாகாமல் கிடப்பவன் தலைமாட்டில் நினைவிடம் திறந்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

தையல்காரி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: நடைக்கு முன்னால் தச்சர் வந்து உத்தரத்துக்குச் சரியான முட்டு வைக்க வேண்டும். அரைநாள் வேலை. தச்சரோ நடைக்காகக் கழகம் எழுப்பிய அலங்கார வளைவு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். அனுப்பிவைப்பதாகத் தலைவர் வாக்குக் கொடுத்தார். வாக்கில் மட்டும் அவருக்குத் தாராளக் கை.

அவள் நடப்பவர்களுக்கான எண் துணிகளைத் தைத்துக்கொண்டே வாசலைப் பார்த்திருந்தாள். இரண்டு முறை வளைவுக்கே போய்த் தச்சரைக் கேட்டாள். சாயம் காயும்வரை தலைவர் விடமாட்டேன் என்கிறார் என்று அவர் பரிதாபமாகச் சொன்னார்.

“எனக்கும் ஒரு நம்பர் துணி தைச்சுடு” என்றான் அண்ணன். “இடுப்பு உடைஞ்சவன் வீட்டு வழியா ஊரே நடக்குது. என் ஜாதகத்துல நடைக்குப் பஞ்சமே இல்ல.”

தைத்து, அவன் சட்டையில் குத்திவிட்டாள்.

நடை நாளன்று காலையிலும் தச்சர் வரவில்லை. காற்றில் வளைவு சாய்ந்துவிட்டதாம். அதற்கு நாலு பக்கமும் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டிலைத் தூக்க ஆள் தேடினாள். தெம்புள்ளவர்கள் எல்லாரும் எண் துணி கட்டியிருந்தார்கள்.

முதல் கூட்டம் வந்தது. சுற்றிப் போகச் சொல்லி இடிந்த சுவரருகே கும்பிட்டு நின்றாள். நல்ல மனிதர்கள், யாரும் கோபப்படவில்லை. ஒரே ஒரு தட்டுதானே அம்மா என்றார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு தட்டுத்தான் தட்டினார்கள்.

உத்தரத்திலிருந்து காரை உதிர்ந்து அண்ணன் முகத்தில் விழுந்தது. “மாவு சலிக்கிறாங்க போல. ரொட்டி எப்போ?” என்றான். தையல்காரி சிரிக்கவில்லை. ஓடிப்போய்க் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றாள். வந்தவர்கள் ஒரு கணம் தயங்கினார்கள். பிறகு அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். தோள் வீங்கியது. கம்பம் நின்றது.

கடைசியில் தலைவர் வந்தார், கூடவே படம் பிடிக்கிறவரும்.

“கொஞ்சம் விலகும்மா. உன்னைத் தட்டினா எனக்குக் கணக்கு ஆகாது.”

“முட்டு வைக்க ஆள் அனுப்புறேன்னீங்களே ஐயா.”

“அடுத்த வாரம் கண்டிப்பா.”

அவள் விலகவில்லை. அவளுடைய தலைக்கு மேலே கம்பத்தில் ஒரு கை அகலம் மிச்சமிருந்தது. படம் பிடிக்கிறவர் தயாராகும்வரை காத்திருந்து, தலைவர் அங்கே ஓங்கித் தட்டினார்.

கம்பத்தின் அடி தரையில் வழுக்கியது. அவளையும் இழுத்துக்கொண்டு அது ஒரு பக்கமாகச் சாய, உத்தரம் மறுபக்கம் கட்டில்மேல் இறங்கியது.

புழுதி அடங்க நேரமாயிற்று. தெரு ஆட்கள் உத்தரத்தைப் புரட்டியபோது அண்ணனின் எண் துணி வெள்ளையாகியிருந்தது. அதில் எண் தெரியவில்லை. துணி மேலும் கீழும் அசையவும் இல்லை. தையல்காரி உள்ளங்கையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு எழுந்து மெதுவாக அவளருகே வந்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்து எல்லாரும் விலகி வழிவிட்டார்கள்.

“ஏம்மா, அது விழறதுக்கு முன்னாடி என் கை பட்டுச்சா? நீதான் கிட்ட இருந்த.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“பட்டுச்சு ஐயா. கணக்குல சேத்துக்கங்க.”