எனக்குப் பொறந்திருந்தா

மனித குலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய அறிவிப்பு ஒன்று உண்டு. குடும்பநல நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில், தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டிருக்க, பேக்கரிக்காரர் தாம் தம் மகளுக்குத் தகப்பன் அல்ல என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டார். பேனா வக்கீலுடையது. வாசகமும் வக்கீலுடையதுதான். வாய் மட்டும் இவருடையது.

எல்லாவற்றுக்கும் மூலம் அந்த வாய்தான். இவர் மனைவி பல் மருத்துவமனையில் நர்ஸ். புருஷன் சொத்தையாக்கி அனுப்புகிறான், பெண்டாட்டி பிடுங்கி அனுப்புகிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அம்மா காட்டிய பல் படங்களில் மிரண்டுபோன மகள் கேக்கைத் தொடமாட்டாள். எட்டு வயதுப் பொடிசு. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி உறைகளில் விலை ஸ்டிக்கர் ஒட்டுவாள். யாராவது, "பாப்பா கேக் சாப்பிடாதா?" என்று கேட்டுவிட்டால் போதும்.

"எனக்குப் பொறந்திருந்தா சாப்பிடுவா!" என்பார் பேக்கரிக்காரர்.

கடையே சிரிக்கும். மைதா மூட்டை இறக்க வருகிறவர் மூட்டையோடு குலுங்குவார். பொடிசும் சிரிப்பதாகத்தான் இவருக்கு ஞாபகம்.

விவாகரத்து வழக்கு தொடங்கியதும் கட்டில், பீரோ, பேச்சுவார்த்தை என்று ஒவ்வொன்றாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. அன்றைக்கு மகள் கடைக்கு வருவாள். அதை வைத்துத்தான் இவருடைய வாரம் ஓடியது. அப்படியிருக்க, வக்கீலின் அறையில் பேச்சுவாக்கில் அந்த ஜோக்கை எடுத்துவிட்டார். வக்கீல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

"சும்மா தமாஷுக்கு சார்."

"கோர்ட்டுல தமாஷ் கிடையாது தம்பி. இது பாயின்ட்! இதைப் போட்டா அந்தம்மா பதறியடிச்சுட்டு சமாதானத்துக்கு வரும். வந்ததும் வாபஸ் வாங்கிடலாம்."

எழுதியதை வாசித்தும் காட்டினார்: "மேற்படி பெண் குழந்தை மனுதாரருக்குப் பிறந்ததல்ல என்று மனுதாரர் நம்புவதற்குப் போதிய முகாந்திரம் உள்ளது." தம்முடைய கடை ஜோக்குக்கு இவ்வளவு கம்பீரமா என்று பேக்கரிக்காரருக்குப் புல்லரித்தது. மனைவி அழுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது. அது மனுவில் இல்லை.

அவள் அழவில்லை. மனுதாரர் சொல்வதைத் தான் மறுக்கவில்லை என்று ஒரே வரியில் பதில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வாய்தாவில் வராந்தாவில் அவளை மறித்தார். "என்னம்மா இது? மறுக்காம விட்டிருக்க?"

"நான் எதுக்குங்க மறுக்கணும்? அப்பா நீங்க இல்லேன்னு நீங்களே சத்தியம் பண்ணிட்டீங்க. உங்களைப் பொய்யர்னு சொல்ல எனக்கு மனசு வரலை."

"அவ எனக்குப் பொறந்தவதானே?"

"அதை என்கிட்ட கேக்குறீங்களா?" அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "இனிமே ஞாயித்துக்கிழமை அவளை அனுப்பமாட்டேன். வெளியாள் கடையில பிள்ளைக்கு என்ன வேலை?"

வக்கீலிடம் ஓடினார். "வாபஸ் வாங்கிடுங்க சார்."

"வாங்கினா, பொய்ச் சத்தியம் பண்ணவர்னு உங்களைப் பிடிச்சுக்குவாங்க."

"வாங்கலேன்னா?"

"பிள்ளை கையை விட்டுப் போயிடும்."

"டெஸ்ட் எடுத்துட்டா?"

"உங்க பொண்ணுன்னு வந்தா, பெண்டாட்டி மேல அபாண்டம் சொன்னவர் ஆயிடுவீங்க. இல்லேன்னு வந்தா..." வக்கீல் வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு டீயை உறிஞ்சினார். "எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்குதில்ல? ரொம்ப சுவாரசியமான கேஸ் தம்பி!"

பேக்கரிக்காரரின் அக்காவுக்குச் சுவாரசியப்படவில்லை. "கடைக்கு ஷட்டர் போட்டியே, அந்த வாய்க்கு ஒண்ணு போட்டியாடா?"

இதில் இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொண்டது. அந்த வாக்கியத்தை நீதிமன்றத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கக் கேட்டதில், சொன்னவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுப்பை மறந்துவிட்டு, மகளின் போட்டோவைக் கண்ணாடிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். மூக்கு சரி. காது? காது யாருடையது? பன் கருகும் வாசனை வரும்வரை இந்த ஆராய்ச்சி நடக்கும். டெஸ்ட் எடுத்துத் தெரிந்துகொள்ளவும் துணிச்சல் இல்லை, தெரிந்துகொள்ளாமல் தூங்கவும் முடியவில்லை.

கடைசியில் வருவது வரட்டும் என்று துணிந்து, சொன்னதெல்லாம் விளையாட்டுக்குத்தான் என்று கூண்டில் ஏறிச் சொன்னார். விளையாட்டுக்குச் சாட்சியாக மைதா மூட்டைக்காரரையும் வரவழைத்தார்.

"ஆமாங்கம்மா, வருஷக்கணக்கா சொல்லுவாரு. நாங்கல்லாம் சிரிப்போம்" என்றார் அவர்.

நீதிபதி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குழந்தை?"

"சின்னதுல அதுவும் சிரிக்கும்ங்க."

"அப்புறம்?"

"அப்புறம் குனிஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டிருக்குங்க. நிமிராது."

பேக்கரிக்காரர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. திருமண பந்தம் இருக்கும்போது பிறந்த குழந்தைக்குக் கணவனே தகப்பன்; தகப்பனே தன் பிள்ளை இல்லையென்று சொன்னாலும், தாய் அதை மறுக்காவிட்டாலும், ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு குழந்தையை அநாதையாக்கச் சட்டம் இடம் தராது; மனு தள்ளுபடி. பொய்ச் சத்தியத்துக்குக் கடுமையான கண்டனம், அத்தோடு சரி.

இவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற மனிதரை அந்த மாடி பார்த்திருக்காது. வக்கீல் கையைப் பிடித்துக் குலுக்கினார், பிரசவ வார்டு வாசலில் நிற்பவரைப் போல. "வாழ்த்துகள் தம்பி! அப்பா ஆயிட்டீங்க!" பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டவாலி முதல் டைப்பிஸ்ட் வரை எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

"இருங்க, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் நீதிபதி அம்மாள். ஞாயிற்றுக்கிழமை விஷயம். அதைக் குழந்தையின் விருப்பத்துக்கு விட்டிருப்பதாகவும், காலையில் தம் அறையில் உட்காரவைத்துக் கேட்டுவிட்டதாகவும் சொன்னார்.

குழந்தைக்கு விருப்பமில்லை.