சரிபார்க்காத நான்காவது மூலை

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல; காதில் விழுந்தது. நகரத் திட்ட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஒரு வரைபட நகலுக்காகக் காத்திருந்தேன். அதே பெஞ்சில் ஒரு அண்ணனும் தங்கையும். அவருக்கு அறுபது தாண்டியிருக்கும், அவளுக்கு ஐம்பதுக்குக் குறையாது. ஆனாலும் அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டார். எதிர் அறையில் புதிய சாலைமீது ஆட்சேபணைகளைக் கேட்கும் கூட்டம். அவர் கையில் ஒரு டோக்கன்.

எனக்குக் கதை எப்போதும் பேச்சாகத்தான் வரும். முகங்கள் பிறகு வரும். சில சமயம் வராமலே போய்விடும்.

2

முதல் தொடக்கம்: "எதிர்காலத் தலைமுறைகளை மனத்தில் கொண்டு, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அரசு வகுத்த..."

(நிறுத்திவிட்டேன். திறப்புவிழாக் கல்வெட்டு மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: "ஒரு சிவப்புக் கோடு தையல்கார அம்மாவின் அடுப்படிக்குள் நுழைந்து..."

(கோடு நுழையாது. மனிதர்கள்தான் நுழைக்கிறார்கள்.)

மூன்றாவது, கேட்டது கேட்டபடி:

"பாப்பா, அந்தக் கோட்டைப் போட்டது நான்தான்."

"அதான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடிச்சியே."

"தப்பாப் போட்டுட்டேன்."

3

அவர் இந்த அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவர். மருத்துவமனையிலிருந்து பாலம் வரை ஓர் அகலச் சாலை வேண்டும் என்று அன்றே முடிவு செய்து வரைபடத்தில் கோடு போட்டார்கள். நிதி வரும்போது சாலை வரும். அதுவரை அந்தக் கோட்டின் கீழுள்ள இடத்தில் ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கக் கூடாது. நிதி இந்த ஆண்டுதான் வந்தது. போன வாரம் அறிவிப்புப் பலகையில் தன் பழைய வரைபடத்தைப் பார்த்தவருக்குப் பொறி தட்டியிருக்கிறது.

"மழைக்காலத்துல டிரேசிங் தாள் ஈரத்துல நெகிழ்ந்துடும் பாப்பா. மை போடறதுக்கு முன்னாடி நாலு மூலையும் அடியில இருக்கிற மூலப்படத்தோட பொருந்துதான்னு பார்க்கணும். மூணு மூலை பார்த்தேன்."

"நாலாவது?"

"அதுமேல பெரிய அதிகாரி கையை ஊனிக்கிட்டு நின்னார்."

"கொஞ்சம் நகருங்க சார்னு சொல்றதுக்கென்ன?"

"வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம். வாய் வரல."

தாளில் மூன்று மில்லிமீட்டர். தரையில் நாற்பது அடி.

4

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம். முப்பத்திரண்டு வருடம் ஒருமுறைகூடத் தோன்றவில்லையா? எழுதுகிறவள் நான், நானே நம்பாவிட்டால் நீங்கள் எப்படி நம்புவீர்கள்?

பிறகு யோசித்தேன். நீண்டகாலத் திட்டம் என்பது இன்னும் பிறக்காதவர்களுக்கு அரசு கொடுக்கும் வாக்கு. நல்ல வாக்குதான். அந்தச் சாலை இல்லாமல் ஆம்புலன்ஸ்கள் சந்து சந்தாகச் சுற்றியதை நானும் பார்த்திருக்கிறேன்.* ஆனால் நிதி வரும்வரை வரைபடம் தகர உருளைக்குள் தூங்கும். அதை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. கோட்டின் கீழ் இருப்பவர்கள் மட்டும் தினமும் அதற்குள்ளேயே எழுந்து, அதற்குள்ளேயே படுக்கிறார்கள்.

(* ஒருமுறை உள்ளிருந்து பார்த்தேன். அது வேறு கதை.)

5

கோட்டின் கீழ் இருந்தது தையல்கார அம்மாவின் வீடு. மாடியில் ஓர் அறை எடுக்க மூன்று முறை விண்ணப்பித்தார். மூன்று முறையும் கோட்டைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். இடம் போதாமல் மகன் குடும்பத்தோடு வெளியூர் போனான். சரியான கோடு எதிர்வரிசையில், நாற்பது அடி தள்ளிப் போயிருக்க வேண்டும் என்றார் அண்ணன்.

"எதிர்வரிசைல..." தங்கை வீடுகளை விரல் விட்டு எண்ணினாள். நடுவில் நிறுத்தினாள். "அது என் வீடுண்ணா."

"ஆமா."

"கோடு இல்லாத பக்கம், தைரியமா வாங்குன்னு நீதானே சொன்ன?"

"ஆமா பாப்பா."

"ஆமா ஆமான்னா? அந்தம்மா எனக்கு ரவிக்கை தைச்சுக் கொடுக்கறவ. அவ மாடி எடுக்க முடியலேன்னு அழுதப்போ, என்ன செய்யறது உங்க விதின்னு நான் சொல்லியிருக்கேன்."

பேச்சில்லாத இடத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் விரலால் பெஞ்சுப் பலகையில் ஒரு கோடு போட்டு, உள்ளங்கையால் அதை அழித்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

6

முடிவு ஒன்று: அவர் உள்ளே போய்ச் சொல்கிறார். கோடு நகர்கிறது. தங்கை பெட்டி கட்டுகிறாள்.

முடிவு இரண்டு: அவர் டோக்கனைக் கசக்கி... (எழுத முடியவில்லை. கசக்கினாரா என்று நான் பார்க்கவில்லை.)

முடிவு மூன்று: இரண்டு வரிசையையும் மறுபடி அளக்கும்வரை சாலையே தள்ளிப்போகிறது. யாருக்கும் வீடு போகாது. ஆம்புலன்ஸ்கள் இன்னும் பத்து வருடம் சந்தில் சுற்றும்; இரண்டு வீடுகளும் ஒரே கோட்டுக்குக் காத்திருக்கும். கருணை போலத் தெரிகிறது. அதனால்தான் அதை எழுதப் பயமாக இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். தங்கைதான் அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"போ. உனக்கு எது சரின்னு படுதோ சொல்லு."

"நீ என்ன சொல்ற பாப்பா?"

"என்னைக் கேக்காத. கேட்டா சொல்லாதேன்னுதான் சொல்லுவேன்."

கதவு திறந்தது. முன் வரிசையில், கழுத்தில் அளவுநாடாவோடு, தையல்கார அம்மா திரும்பி, தெரிந்த முகம் என்று அவரைப் பார்த்துச் சிரித்தார். அவர் உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. மரக்கதவு, ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. கேட்காத பேச்சை நான் எழுதுவதில்லை. நீங்கள் உள்ளே இருந்திருந்தால், அவர் முதலில் யாரைப் பார்த்துப் பேசினார் என்று மட்டும் சொல்லுங்கள்.