அடி துடைத்த கார்

ஃப்ளோரா சிவப்பை அடித்து முடிப்பதற்குள் சார்லஸ் இரண்டு தடவை பட்டறை வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டான். தோளில் பை. சேலம் வண்டியைப் பிடித்து அங்கிருந்து திருப்பூர். பனியன் கம்பெனியில் புருஷன் பெண்சாதி இருவருக்கும் வேலை சொல்லி வைத்திருந்தான். இங்கே இந்த வேலை அமைந்தால் அவள் இருந்துகொள்ளலாம், இல்லாவிட்டால் கூடவே கிளம்ப வேண்டும் என்று காலையில் பேச்சாகியிருந்தது.

திருப்பூர் அவளுக்குப் புதிதில்லை. ஒரு வருஷம் இருந்து பார்த்தவள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் தூங்காமல் காவல் இருந்த ஊர். திரும்பி வந்து பீங்கான் பொம்மைக்குச் சூளையில் வைக்குமுன் கண்ணாடிப் பூச்சு அடிக்கும் வேலையில் சேர்ந்தாள். இப்போது அந்தக் கம்பெனியில் சூளை அணைந்து கிடக்கிறது. ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார்களுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் தேவநாதன்தான், "மொதல்ல ஒண்ணு அடிச்சுக் காட்டுங்கக்கா" என்றிருந்தான்.

காரின் மேல்கூடு தண்ணீர் பாட்டில் மாதிரி வெறும் தெளிவு. பெயிண்டை உள்பக்கமாக அடிக்க வேண்டும். வெளியே தெரிய வேண்டிய சிவப்பு முதலில், அதன் முதுகில் வெள்ளை. வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் ஃபிலிமைக் கடைசியில் உரித்தால்தான் வேலையின் முகம் தெரியும்.

"குடத்துக்கு உள்ள கோலம் போடற மாதிரி இருக்குது," என்றான் சார்லஸ். "போட்டுட்டு சீக்கிரம் வா."

"தள்ளி நில்லுங்க. நெழலு வுழுது."

கை ஒரு பக்கம், மனசு ஜங்ஷனில். வெள்ளையும் அடித்தாள். ஸ்ப்ரே கன்னை வைத்தாள். ஈர ஸ்பாஞ்சை எடுத்துக் கூட்டின் அடி ஓரத்தைச் சுற்றி ஒரே இழுப்பாகத் துடைத்தாள். பலகையில் வைத்தாள்.

தேவநாதன் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "அக்கா, கீழ சுத்தி வெரலு அகலத்துக்கு ஒண்ணுமே இல்லியே!"

"அடியத் தொடைக்கணும்ல தம்பி. இல்லன்னா சூளையில ஒட்டிக்கும்."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

"எந்தச் சூளை, அக்கா? இதக் கொண்டுபோயி சூளையில வச்சா அல்வாவாயிடும்." சிரித்தவன் நிறுத்திக்கொண்டான். "சாயங்காலம் பார்ட்டி வராரு. வேற பாடி இல்லக்கா."

அவள் கூட்டைத் திரும்ப வாங்கினாள். "கீழ கருப்புப் பட்ட அடிச்சிடவா?"

"அடிக்கலாம். ஆனா ஸ்பாஞ்சு இழுத்த எடத்துல வெள்ள படிஞ்சிருக்குது பாருங்க. கருப்புக்கு முன்னாடி அது அழுக்காத் தெரிஞ்சா அவரு வாங்க மாட்டாரு. எனக்கும் அப்புறம் ஒங்கள வச்சுக்க முடியாது."

துணி நுனியை நனைத்து விரலில் சுற்றி, பல் துலக்குவதுபோல அந்த மங்கலை எடுக்க ஆரம்பித்தாள். போனது மாதிரியும் இருந்தது, போகாதது மாதிரியும் இருந்தது. ஃபிலிமின் கீறலும் சிந்திய பெயிண்டும் கண்ணை மறைத்தன. போதும் என்று கருப்பை அடித்தாள்.

"ஏ ஃப்ளோரா, வண்டி வர நேரம். டிக்கெட்டு ரெண்டு எடுக்கவா?"

காற்றுக்குழாயைக் கூட்டுக்குள் காட்டிக்கொண்டே சொன்னாள், "ஒண்ணு எடுங்க."

"வேல அமைஞ்சிடுச்சா?"

"இன்னும் தெரியல."

சார்லஸ் பையைத் தோள் மாற்றிப் போட்டான். "சோத்துப் பொட்டலம் ஒங்கிட்டதான இருக்குது," என்றான். அவள் திரும்பாமல் காலால் பையை நகர்த்திவிட்டாள். ஒரு பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

பெயிண்ட் காய்ந்தது. கூரைப் பக்கம் நகத்தை வைத்து ஃபிலிமைக் கிளப்பினாள். சர்ரென்று கிழிந்து வந்தது. இன்னும் ஈரம் ஆறாத மாதிரி சிவப்பு எழுந்தது. கதவு வரைக்கும் உரித்துவிட்டாள். அதற்குக் கீழே இன்னும் உரிக்காத கருப்புப் பட்டை. தேவநாதன் குனிந்தான். ஃபிலிமைப் பிடித்த அவளுடைய இரண்டு விரலும் அங்கேயே நின்றன.